குறைந்த கட்டணம், குறையாத கடன்

தமிழில் ‘செலவு’ என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. கையிலுள்ள பொருள் கரைவதைச் செலவு என்கிறோம். ஓரிடம் விட்டு மற்றோரிடம் செல்வதையும் பண்டைத் தமிழர் செலவு என்றே வழங்கினர். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், இல்லத்தாளின் துயர் கண்டு தன் பயணத்தைத் தள்ளி வைப்பதை ‘செலவழுங்கல்’ எனப் பெயரிட்டு நம் அக இலக்கியம் போற்றுகிறது. போதலும் இழத்தலும் ஒரே சொல்லுக்குள் அடங்கியது தற்செயலாகவே இருக்கட்டும். எந்தப் பயணமும் எதையேனும் செலவழிக்காமல் முடிவதில்லை என்ற உண்மை அச்சொல்லுக்குள் இருக்கிறது.

அரபு மொழியில் பயணத்திற்கு ‘ஸஃபர்’ என்று பெயர். அதன் வேர்ச்சொல், திரை விலகுதலையும் வெளிப்படுதலையும் குறிப்பது. வைகறை வெளுப்பதை ‘இஸ்ஃபார்’ என்பதும் அவ்வேரிலிருந்து பிறந்ததே. மனிதனின் மறைந்த குணங்களை வெளிக்காட்டுவதால்தான் பயணத்திற்கு அப்பெயர் வாய்த்தது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் பயண ஒழுக்கங்களுக்கென ஒதுக்கிய பகுதியில் விளக்குகிறார்கள். ஒரு மனிதரின் நாணயத்திற்குச் சாட்சி சொல்ல வந்தவரிடம், “அவருடன் பயணம் செய்திருக்கிறீரா?” என்று கலீபா உமர் (ரலி) அவர்கள் வினவியதாகவும், ‘இல்லை’ என்ற விடை கேட்டு, அப்படியானால் நீர் அவரை அறிந்தவரல்லர் என்று திருப்பி அனுப்பியதாகவும் சொல்லப்படும் வரலாறும் இக்கருத்தையே வலியுறுத்துகிறது.

ஆகப் பயணம் என்பது தமிழில் செலவு, அரபியில் வெளிப்பாடு. இவ்விரண்டையும் இணைத்துப் பார்க்கையில் ஒரு வினா எழுகிறது. பணச் செலவு மிகக் குறைந்த ஒரு பயணத்தை நாம் மேற்கொள்ளும்போது, பணத்திற்குப் பதிலாக எதைச் செலவிடுகிறோம்? அதை நம்மிடமிருந்து செலவிடுகிறோமா, அன்றி அயலானிடமிருந்து எடுத்துச் செலவிடுகிறோமா? இவ்வினாவை ஈண்டுச் சிந்திப்போம்.

ஒரு சபுராளியின் ஒரு நாள்

கடற்கரை ஊர்களில் வாழும் நம் குடும்பங்களுக்குச் சபுராளி என்ற சொல்லைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஒருவர் ஷார்ஜாவிலிருந்து காயல்பட்டினத்திற்குத் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். திருவனந்தபுரத்திற்கோ திருச்சிக்கோ வரும் விமானத்தில் ஏறினால் வழி குறையும். ஆனால் அவர் விடுப்புக் கிடைத்த நாளில் சென்னைச் சீட்டுத்தான் சில ஆயிரம் ரூபாய் மலிவு. அந்தச் சில ஆயிரம், வீட்டில் ஒரு பிள்ளையின் பள்ளிக் கட்டணமாகவோ தாயாரின் மருந்தாகவோ மாறக்கூடும். எனவே அவர் சென்னையைத் தேர்ந்தெடுக்கிறார்.

இரவு இரண்டரை மணிக்குத் தொழிலாளர் முகாமில் எழுகிறார். மூன்று மணி நேரம் முன்னதாக விமான நிலையம் சேர வேண்டும். காலை எட்டு மணிக்கு விமானம் புறப்படுகிறது. ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் சென்னையை அடைகிறது. ஆயினும் அங்குள்ள கடிகாரம் பன்னிரண்டைக் காட்டாது, ஒன்றரையைக் காட்டும். கிழக்கு நோக்கிப் பறப்பவனின் பகலிலிருந்து ஒன்றரை மணி நேரம் கழிந்துவிடுகிறது. குடிவரவுச் சோதனை, சுங்கம், பெட்டிக்காகக் காத்திருத்தல் எல்லாம் முடித்து வெளிவந்து, 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திற்குப் பெட்டிகளுடன் சென்று, மாலை ஏழு மணிப் பேருந்தில் ஏறுகிறார். அறுநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலை. மறுநாள் காலை ஏழு மணியளவில் ஊர் வருகிறது. எழுந்த நேரத்திலிருந்து கணக்கிட்டால் 27 மணி நேரம். அதில் முதுகு நேராகக் கிடந்த நேரம், படுக்கைப் பேருந்தானால் சில மணி. இருக்கைப் பேருந்தானால் அதுவுமில்லை.

இப்பயணத்தில் அவர் மிச்சம் பிடித்தது சில ஆயிரம் ரூபாய். செலவழித்தது ஓர் இரவு, ஒரு பகல், கால் வீக்கம், பசி, பொறுமை. இதில் அவமானம் எதுவுமில்லை. தன் உடலை வருத்தித் தன் மக்களுக்காகச் சேமிப்பவனைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் கட்டணத்தின் மீதியைத் தன் உடலால் கட்டும் மனிதர்கள் நூற்றெண்பது பேர் ஒரே கூண்டுக்குள் அடைபடும்போதுதான் அறத்தின் கேள்விகள் தொடங்குகின்றன.

மலிவு பிறக்கும் விதம்

மலிவு விமானம் புதுமையான மாயம் எதையும் செய்வதில்லை. 1971ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் பறக்கத் தொடங்கிய சௌத்வெஸ்ட் நிறுவனம் புகழ்பெறச் செய்த வழியையே பிற நாடுகளும் பின்பற்றின. 2003இல் நம் நாட்டில் ஏர் டெக்கானும், அதே ஆண்டில் ஷார்ஜாவிலிருந்து ஏர் அரேபியாவும் பறக்கத் தொடங்கின. 2005இல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் வந்தது. அடிப்படை ஒன்றே: விமானம் தரையில் நிற்கும் நேரத்தைக் குறைத்தல், ஒரே வகை விமானங்களை வைத்துக்கொள்ளல், உணவையும் கூடுதல் பெட்டியையும் தனியே விற்றல், இருக்கைகளை நெருக்கிப் போடுதல். இரு வகுப்புகளாகப் பிரித்தால் ஏறத்தாழ 150 பேர் அமரும் ஏர்பஸ் ஏ320 விமானத்தில், ஒரே வகுப்பாக நெருக்கினால் 180 பேர் வரை அமர்கிறார்கள். ஓர் இருக்கைக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள அளவு சில விமானங்களில் 28 அல்லது 29 அங்குலம்தான்.

இதனால் நன்மை விளையவில்லை என்று கூறுவது நன்றி மறத்தலாகும். தந்தையின் ஜனாஸாவுக்கு வர இயலாமல் அரபு நாட்டிலிருந்தே அழுது தீர்த்த ஒரு தலைமுறை நம்மிடையே உண்டு. இன்று வர இயல்கிறதென்றால் மலிவுக் கட்டணமும் அதற்கு ஒரு காரணம். ஆனால் நெருக்குவதற்கும் ஓர் எல்லை வேண்டும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

கிரானடாவின் ஆளுநரிடம் எழுத்தராகப் பணியாற்றிய இப்னு ஜுபைர் 1183ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர். செங்கடலின் மேற்குக் கரையிலிருந்த ஐதாப் துறைமுகத்திலிருந்து ஜித்தாவுக்குக் கடல் கடந்த அனுபவத்தை அவர் வேதனையுடன் எழுதி வைத்திருக்கிறார். படகுக்காரர்கள் ஒரே பயணத்தில் படகின் விலையையே ஈட்டிவிட வேண்டும் என்ற பேராசையால், ஹாஜிகளைக் கூண்டுக் கோழிகளைப் போல ஒருவர் மேல் ஒருவராக அடைத்தார்களாம். படகைத் தருவது எங்கள் வேலை, உயிரைக் காத்துக்கொள்வது ஹாஜிகளின் வேலை என்ற கருத்து அவர்களிடையே பழமொழியாகவே வழங்கியதாம். இயன்றவர்கள் அந்தத் துறைமுகத்தையே தவிர்ப்பது நல்லது என்று அவர் அறிவுறுத்துகிறார்.

அவ்வளவு தொலைவு போவானேன்? சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ‘ரஜூலா’ கப்பலில் சென்ற நம் பாட்டனார்கள் பெரும்பாலும் மேல்தளப் பயணிகளே. அறை இல்லை, கட்டில் இல்லை. விரித்த பாயின் அளவே அவர்களுடைய இடம். அந்தப் பாய்க்கும் அடுத்த பாய்க்கும் இடையே வேலி இல்லாத நிலையில், யார் கால் எதுவரை நீளலாம் என்பதைத் தீர்மானித்தது எது? கப்பல் நிறுவனத்தின் விதி அன்று. பக்கத்துப் பாய்க்காரரின் பண்பு. அந்த நிலை இன்றும் மாறவில்லை.

சலுகை ஒரு தருமம்

‘விமானத்தில் குளிர்காற்றில் அமர்ந்து செல்பவனுக்குத் தொழுகையைச் சுருக்கும் சலுகை எதற்கு?’ என்று மாணவர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. இதே போன்ற ஐயம் முதல் தலைமுறையினருக்கே எழுந்திருக்கிறது. தொழுகையைச் சுருக்குவது பற்றிய திருவசனம் பகைவர் அச்சத்தோடு இணைத்துப் பேசுகிறதே, மக்கள் அச்சம் நீங்கி வாழும் இக்காலத்திலும் சலுகை உண்டா என்று யஃலா பின் உமைய்யா (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களிடம் வினவினார்கள். தமக்கும் அதே வியப்பு ஏற்பட்டதாகவும், பெருமானார் (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, அது இறைவன் உங்களுக்கு வழங்கிய தருமம், அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் விடையளித்ததாகவும் உமர் (ரலி) அவர்கள் கூறினார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

ஃபிக்ஹுக் கலை அறிஞர்கள் இதை நுணுக்கமாக விளக்குவார்கள். சலுகைக்குக் காரணம் பயணம் என்னும் நிலை. சிரமம் என்பது அதன் உட்கருத்து. சிரமத்தை ஒவ்வொருவர் உடலிலும் அளந்து பார்க்க இயலாது. ஆதலால் அளக்கத்தக்க பயணத் தொலைவின் மீது சட்டம் நிறுத்தப்பட்டது. நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், ஏறத்தாழ எண்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு செல்பவர் நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்தும் தொழலாம். ஹனஃபி மத்ஹபில் சுருக்குதல் உண்டு. ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர, சேர்த்துத் தொழுதல் இல்லை.

ஆனால் சுபுஹுத் தொழுகை எவருடனும் சேராதது, சுருங்காதது. நம் சபுராளியின் பேருந்து ஊர் சேருமுன் சூரியன் உதித்துவிடும். அவர் என்ன செய்வது? வண்டி கிளம்புமுன்பே ஓட்டுநரிடம் பணிவாகச் சொல்லி வைப்பது முறை. வைகறைத் தேநீருக்காகப் பல பேருந்துகள் எப்படியும் எங்காவது நிற்கின்றன. அந்த நிறுத்தத்தைச் சற்று முன்னே பின்னே நகர்த்த மனமுள்ள ஓட்டுநர்கள் ஏராளம், அவர்கள் எந்தச் சமயத்தவராயினும். அதை விடுத்து, அதிகாலை ஐந்தரை மணிக்கு உறங்கும் முப்பது பேரை எழுப்பும் குரலில் வண்டியை நிறுத்தச் சொல்லிச் சச்சரவு செய்வது தொழுகைக்குச் செய்யும் மரியாதை ஆகாது. வண்டி நிற்கவே இல்லையென்றால் நேரத்தின் கண்ணியம் கருதி இருந்த இடத்திலேயே இயன்றவாறு தொழுது, இறங்கிய பின் மீண்டும் தொழுவதற்கு ஷாஃபிஈ சட்டத்தில் வழி இருக்கிறது.

இங்கே நாம் கருத்தூன்ற வேண்டியது ஒன்று. பயணி என்பவன் இறைவனிடமிருந்து ஒரு தருமத்தைப் பெற்றுக்கொண்டு நடப்பவன். அவனுடைய களைப்பு கணக்கில் கொள்ளப்பட்டிருக்கிறது. தன் களைப்புக்காகச் சலுகை பெற்ற ஒருவன், அதே களைப்போடு தன் தோளில் தோள் உரச அமர்ந்திருப்பவனுக்கு எந்தச் சலுகையும் தர மறுத்தால், பெற்றதன் பொருளை அவன் உணர்ந்தவனாக மாட்டான். மலிவுப் பயணத்தின் ஒழுக்கம் முழுவதும் இந்த ஒரு கருத்திலிருந்து கிளைப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

பக்கத்து இருக்கைக்காரர் யார்?

திருமறையின் நான்காம் அத்தியாயம் 36ஆம் வசனம், நன்மை செய்யப்பட வேண்டியவர்களை வரிசைப்படுத்துகிறது. பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள், அண்டை வீட்டார் என்று சென்று, ‘அஸ்ஸாஹிபு பில்ஜன்ப்’ என்று ஒருவரைக் குறிப்பிடுகிறது. பக்கத்தில் இருக்கும் தோழர் என்பது அதன் நேர்ப்பொருள். இவர் பயணத் தோழரே என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக விளக்கம் வந்துள்ளது. மனைவி என்று விளக்கிய நபித்தோழர்களும் உண்டு. நம் அருகில் இருந்து நம்மோடு தொடர்பு கொள்ளும் அனைவரையும் அது தழுவும் என்று இமாம் தபரீ (ரஹ்) அவர்கள் முடிவு கூறுகிறார்கள்.

எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடுகிறது. பெற்றோர் வாழ்நாள் முழுதும் நம்மோடு பிணைந்தவர்கள். அண்டை வீட்டாரை நாளையும் சந்திக்க வேண்டும். ஆதலால் அவர்களிடம் நன்முறையில் நடப்பதில் நம் நலமும் கலந்திருக்கிறது. ஆனால் பேருந்தின் பதினேழாம் எண் இருக்கையில் அமர்ந்தவரை நாம் மறுபடி காணப்போவதில்லை. பெயர் தெரியாது, ஊர் தெரியாது, மதம் தெரியாது. அவருக்கு நன்மை செய்வதால் நமக்குத் திரும்பி வருவது எதுவுமில்லை. அப்படிப்பட்டவரைப் பெற்றோர் தொடங்கிய அதே வரிசையில் நிறுத்தியதில்தான் பாடம் இருக்கிறது. திரும்பக் காணாதவரிடம் காட்டும் நடத்தையே மனிதனின் கலப்பற்ற நடத்தை. ‘ஸஃபர்’ வெளிக்காட்டுவதும் இதைத்தான்.

மூன்று வழக்குகள்

பொதுவாகப் பேசுவது எளிது. குறிப்பான சில வழக்குகளை எடுத்துக்கொண்டு ஆராய்வோம்.

முதலாவது, சாயும் இருக்கை. முன்னிருப்பவர் பொத்தானை அழுத்திச் சாய்கிறார். பின்னிருப்பவரின் முழங்கால் நசுங்குகிறது. முன்னவர் கூறுவார்: ‘இது நான் வாங்கிய இருக்கை, சாயும் வசதியோடுதான் விற்றார்கள்.’ பின்னவர் கூறுவார்: ‘இது நான் வாங்கிய இடம், என் முகத்திற்கு முன்னே நீர் வருவானேன்?’ இருவருக்கும் ஒரே சாண் இடத்தை இருமுறை விற்றவர்கள் அங்கே இல்லை. அதனால் வாங்கிய இருவரும் மோதிக்கொள்கிறார்கள்.

இரு வீடுகளுக்கு இடைப்பட்ட சுவரைப் பற்றி நம் சட்ட நூல்கள் நிறையப் பேசுகின்றன. அண்டை வீட்டார் தம் உத்தரத்தை நம் சுவரில் பொருத்துவதைத் தடுக்க வேண்டாம் என்ற கருத்தில் நபிமொழி ஒன்று உண்டு. அது கட்டாயமா, விரும்பத்தக்க பண்பா என்பதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை இருக்கிறது. முதுகுச் சாய்வும் அப்படிப்பட்ட பொதுச் சுவரே: முன்னவருக்கு அது முதுகு, பின்னவருக்கு அது முகப்பு. ‘தீங்கிழைத்தலும் இல்லை, தீங்குக்குத் தீங்கு செய்தலும் இல்லை’ என்ற பொருளுடைய சட்ட விதியை இங்கே பொருத்தலாம். சாய்வது உரிமை. ஆனால் திரும்பிப் பார்த்து, ஒரு சொல் சொல்லிவிட்டு, மெல்லச் சாய்வது அந்த உரிமையின் நிபந்தனை. பின்னவர் உணவருந்தும்போதும், மடியில் குழந்தையை வைத்திருக்கும்போதும் பொறுத்திருப்பது பண்பு. பின்னவரோ, பழிவாங்கும் எண்ணத்தோடு இருக்கையை முழங்காலால் இடிப்பது, தீங்குக்குத் தீங்கு என்று விலக்கப்பட்டதேயாகும். இரவுப் பேருந்தில் எல்லோரும் ஒருசேரச் சாயும்போது வழக்கே எழுவதில்லை. நிமிர்ந்திருக்கும் ஒருவர் பிறரைக் குற்றம் சொல்வதைவிடத் தாமும் சாய்ந்துகொள்வதே அங்கே நீதி.

இரண்டாவது, கீழ்ப்படுக்கை. இது கடினமான வழக்கு. நம் சபுராளி முன்கூட்டியே பதிவு செய்து கீழ்ப்படுக்கையைப் பெற்றிருக்கிறார். 15 மணி நேரமாகப் படுக்காத உடல். அப்போது முதியவர் ஒருவர் வருகிறார், அவருக்கு மேல்படுக்கை. ஏணியில் ஏற அவரால் இயலாது. சுற்றியிருப்பவர்கள் இளைஞரைப் பார்த்து, ‘பெரியவருக்கு விட்டுக் கொடுப்பா’ என்கிறார்கள்.

விட்டுக் கொடுத்தால் அது மேலான செயல். தமக்குத் தேவையிருந்தும் பிறரை முற்படுத்திய அன்சாரிகளைத் திருமறை புகழ்கிறது. அதற்கு ‘ஈஸார்’ என்று பெயர். ஆனால் ஈஸார் என்பது உரிமையுடையவன் தானே மனமுவந்து தருவது. சுற்றி நிற்பவர்கள் ஒரு மனிதனின் உரிமையை எடுத்துத் தருமம் செய்ய முடியாது. அவன் எங்கிருந்து வருகிறான், எத்தனை நாள் உறங்கவில்லை, முதுகில் என்ன வலி என்பதை அறியாமல், இளம் முகத்தைக் கண்டதும் ‘கல் நெஞ்சன்’ எனத் தீர்ப்பளிப்பவர்கள், தம் செலவில்லாத நன்மையைத் தேடுகிறார்கள். அவர்களுள் கீழ்ப்படுக்கையில் இருக்கும் நலமுள்ள ஒருவர் ஏன் எழுந்து தரவில்லை? கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. முதியவரோ அவருடைய மகனோ நேரில் வந்து, ‘தம்பி, உங்களுக்கு இயலுமானால்’ என்று கேட்டால், இசைவதற்கும் மறுப்பதற்கும் அவருக்கு வழி திறந்திருக்கும். கண்ணியமாகக் கேட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை என்பது பயணம் செய்தவர்கள் அறிந்த உண்மை. மறுத்தாலும் அவரைப் பாவியாக்க நமக்கு அதிகாரமில்லை. முதியோருக்குக் கீழ்ப்படுக்கையை முதலிலேயே ஒதுக்கி வைக்க வேண்டிய கடமை சீட்டு விற்றவர்களுடையது.

மூன்றாவது, மிச்சமிருக்கும் எடை. விமான நிலைய வரிசையில் ஒருவருடைய பெட்டி அனுமதித்த அளவைவிட நான்கு கிலோ அதிகம். மற்றொருவரிடம் ஐந்து கிலோ இடம் பாக்கியிருக்கிறது. ஒரு பயணத்தின்போது, வாகனத்தில் வந்த ஒருவர் வலமும் இடமும் பார்த்துத் தேவையோடு நின்றதைக் கண்ட நபிகளார் (ஸல்) அவர்கள், கூடுதல் வாகனம் உள்ளவர் இல்லாதவருக்கும், கூடுதல் உணவு உள்ளவர் இல்லாதவருக்கும் தரட்டும் என்ற கருத்தில் அறிவுறுத்தியதாக அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நம்மிடமுள்ள உபரியில் நமக்கு உரிமையே இல்லை என்று கருதுமளவுக்கு ஒவ்வொரு பொருளையும் நபிகளார் எடுத்துரைத்ததாகவும் அதில் வருகிறது.

அப்படியானால் ஐந்து கிலோ இடத்தைத் தந்துவிடலாமா? தெரிந்தவருக்கு, கண் முன்னே திறந்து காட்டிய பொருளுக்குத் தரலாம். முகமறியாதவரின் கட்டிய பொட்டலத்தைத் தன் பெயரில் ஏற்பது வேறு செயல். அதனுள் போதைப்பொருள் இருந்தால், வளைகுடா நாடுகளின் சட்டமும் நம் நாட்டின் 1985ஆம் ஆண்டுச் சட்டமும் பெட்டி யார் பெயரில் இருக்கிறதோ அவரையே முதலில் பிடிக்கும். இரக்கத்தால் சிறை சென்றவனின் குடும்பத்திற்கு யார் பதில் சொல்வது? அத்தகைய பொட்டலத்தை மறுப்பது கருமித்தனம் அன்று. கொடுக்கத்தக்க உபரிகள் வேறு உண்டு: குடிநீர், ரொட்டி, கைபேசியை மின்னேற்றும் கம்பி, படிவம் நிரப்பத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்கும் இரு நிமிடம். தண்ணீரையும் விலைக்கு விற்கும் விமானத்தில் ஒரு மிடறு நீருக்கு மதிப்பு அதிகம்.

விழித்திருக்கும் ஒருவர்

இதுவரை பேசியதெல்லாம் பயணிகளுக்கிடையிலான கடன். இரவுப் பேருந்தில் எல்லோரும் உறங்க, உறங்கக் கூடாத ஒருவர் இருக்கிறார். மலிவுக் கட்டணத்தின் மீதியை அவருடைய கண்களிலிருந்து நாம் வசூலிக்கிறோமா என்பதே இக்கட்டுரையின் மிகக் கனமான கேள்வி.

மனித உடலுக்கு நள்ளிரவுக்குப் பின், விடியுமுன் உள்ள மணிகளில்தான் உறக்கம் மிக வலுவாக இழுக்கும். நெடுஞ்சாலையில் அந்நேரத்தில் ஓட்டுநர் சில நொடி கண்ணயர்ந்தாலும் வண்டி நூறு அடிக்கு மேல் ஆளில்லாமல் ஓடியதற்குச் சமம். 1961ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஓட்டுநரின் வேலையை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்திற்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. நெடுந்தொலைவுக்கு மட்டும் சற்றுத் தளர்த்தியது. சட்டம் நேரத்தை வரையறுக்கும். பகலில் அவர் உண்மையில் உறங்கினாரா என்பதை யார் பார்ப்பது? வண்டியை ஓய்வின்றி இரு புறமும் ஓட்டினால்தான் குறைந்த கட்டணத்தில் ஆதாயம் வரும் என்று கணக்கிடும் முதலாளி அதைப் பார்ப்பாரா?

பயணத்தில் வாகனத்தின் உரிமையைப் பேசியது நம் மார்க்கம். செழிப்பான நிலத்தின் வழியே செல்லும்போது ஒட்டகத்திற்கு மேய்ச்சலில் அதன் பங்கைக் கொடுங்கள். வறண்ட நிலத்தில் அது வலுவிழக்குமுன் விரைந்து கடந்துவிடுங்கள். இரவில் தங்குகையில் பாதையை விட்டு விலகித் தங்குங்கள் என்ற கருத்தில் நபிமொழி வந்துள்ளது. சுமக்கும் விலங்குக்கே பங்கு உண்டென்றால், நம்மைச் சுமந்து செல்லும் வண்டியை நடத்தும் மனிதருக்கு எத்தகைய பங்கு இருக்க வேண்டும்! ‘கியாஸ்’ என்னும் ஒப்பீட்டு முறையில், சிறியதற்கு உள்ள விதி பெரியதற்கு இன்னும் உறுதியாகப் பொருந்தும் என்பது இதுவே.

மறுபுறம், ஓட்டுநருக்கும் கடமை உண்டு. பெண்கள் அமர்ந்த ஒட்டகங்களைப் பாடி விரைவாக ஓட்டிச் சென்ற அன்ஜஷா என்பவரை நோக்கி, கண்ணாடிக் கலங்களைக் கொண்டு செல்கிறோம் என்ற நினைவோடு மெல்லச் செலுத்துமாறு நபிகளார் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். படுக்கைப் பேருந்தில் கண்ணயர்ந்து கிடக்கும் ஒவ்வோர் உயிரும் அத்தகைய கலமே.

பயணிகளாகிய நாம் என்ன செய்ய முடியும்? ‘இன்னும் அரை மணி முன்னால் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாதா?’ என்று அவரை விரட்டாதிருக்கலாம். உணவு நிறுத்தத்தில் அவர் கூடுதலாகப் பத்து நிமிடம் கண் மூடினால் ஒலிப்பானை அழுத்தச் சொல்லாதிருக்கலாம். மாற்று ஓட்டுநர் இல்லாமல் இரவு முழுதும் ஒருவரே ஓட்டும் வண்டி என்று தெரிந்தால், அடுத்த முறை நூறு ரூபாய் கூடுதலானாலும் இருவர் ஓட்டும் வண்டியைத் தேர்ந்தெடுக்கலாம். நம் உடலை வருத்தி நாம் மிச்சப்படுத்துவது நம் உரிமை. பிறருடைய உறக்கத்திலிருந்து மிச்சப்படுத்துவது அப்படியன்று. அது அவருக்கு நாம் பட்ட கடன். அந்தக் கடனை வழியிலேயே தீர்க்க நேரும்போது, தீர்ப்பவர்கள் முப்பது குடும்பங்களாக இருப்பார்கள்.

வாசலில் காத்திருப்பவர்கள்

பயணம் வேதனையின் ஒரு பகுதி; அது மனிதனின் உணவையும் பானத்தையும் உறக்கத்தையும் தடுக்கிறது; ஆதலால் காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புங்கள் என்ற கருத்தில் நபிமொழி உண்டு. விரைந்து திரும்பியவனை வரவேற்கும் குடும்பத்தாருக்கும் இதில் பங்கிருக்கிறது என்பதை நம் இல்லங்கள் மறந்துவிடுகின்றன.

நெடும்பயணத்திலிருந்து முன்னறிவிப்பின்றி நள்ளிரவில் வீட்டுக் கதவைத் தட்டுவதை நபிகளார் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. தாம் பயணத்திலிருந்து முற்பகலில் திரும்பும்போது, முதலில் பள்ளிவாசலுக்குச் சென்று இரண்டு ரக்அத் தொழுவது அவர்களுடைய வழக்கம் என்று கஅப் பின் மாலிக் (ரலி) அவர்களின் அறிவிப்பிலிருந்து அறிகிறோம். காலையில் ஊர் சேரும் இரவுப் பேருந்து, இந்த ஒழுக்கத்திற்கு இயல்பாகவே இடம் தருகிறது. பெட்டியை வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் பள்ளிவாசலில் இரண்டு ரக்அத் தொழுது, முகம் கழுவி, அமைதியோடு இல்லம் புகலாம்.

ஆனால் இல்லத்தில் நடப்பது என்ன? முற்றம் நிறையச் சொந்தங்கள். பெட்டியைச் சுற்றிப் பிள்ளைகள். யாருக்கு என்ன கொண்டுவந்தான் என்ற ஆவல். நெய்ச்சோறும் கறியும் தயாராகின்றன. ஒவ்வொருவராக வந்து நலம் விசாரிக்கிறார்கள். அவனோ 27 மணி நேரம் விழித்த கண்களோடு சிரித்துக்கொண்டிருக்கிறான். அன்பின் மிகுதியில் செய்வதே. ஆயினும் அந்த அன்பும் அவனுடைய உடலிலிருந்துதான் செலவாகிறது.

நான் சில குடும்பங்களுக்குச் சொல்லி, அவர்கள் நடைமுறைப்படுத்தியும் இருக்கிற எளிய யோசனை ஒன்றுண்டு. வந்தவனுக்கு வெந்நீரும் கஞ்சியும் கொடுங்கள். தாயும் மனைவியும் மக்களும் கண்ணாரக் காணட்டும். பிறகு அறைக் கதவைச் சாத்தி, அஸர் வரை அவனை உறங்க விடுங்கள். பெட்டியை மாலையில் திறக்கலாம்; விருந்தை மறுநாள் வைக்கலாம். சீட்டெடுக்கும்போதும், ‘மலிவாகப் பார்த்து வா’ என்று தொலைபேசியில் சொல்வதற்கு முன், அந்த மலிவின் மீதியைக் கட்டப் போகிறவன் யார் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். இரண்டாண்டுக்கொரு முறை வருபவனுக்காக வீட்டில் ஒரு நகையோ ஒரு துணியோ குறைந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. நேர்வழி விமானத்தில் அவன் அன்றிரவே தன் கட்டிலில் படுத்திருப்பான்.

வசதியிருந்தால் அப்படிச் செய்யலாம். இல்லாதவர்கள் மலிவு வழியில்தான் வருவார்கள், வரவும் வேண்டும். அவர்களோடு இரவுப் பேருந்தில் அடுத்த இருக்கையில் அமரும் வாய்ப்பு நம்மில் எவருக்கும் நாளை வரலாம். அப்போது அவர் தலை உறக்கத்தில் நம் தோளில் சாய்ந்தால், தட்டிவிடாமல் சற்று நேரம் பொறுத்திருப்போம். நம் களைப்புக்கு இரங்கிய இறைவன், அவர் களைப்புக்கு இரங்கவும் நமக்கு நல்லருள் புரிவானாக.